இடி விழுந்த கடலைக்காடு

பேரிடர் மேலாண்மைப் பிரிவுக்கு ஆசைப்பட்டு வந்தவர் என்று இந்தப் பயிற்சிக்கு வந்திருக்கும் உங்களில் ஒருவரும் இருக்க மாட்டார். நானும் அப்படி வரவில்லை. நாமக்கல் பக்கத்தில் அந்த இருக்கையில் உட்கார வைத்தால், நமக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள் என்றுதான் கூட இருப்பவர்கள் கேலி பேசுவார்கள். நமக்குக் கடல் கிடையாது, புயல் கரை கடக்காது. மேட்டூரில் உபரி நீர் திறந்தால் காவிரிக் கரையோர ஊர்களுக்கு ஓடுவோம். மற்ற நாட்களில் மழை அளவை மேலே அனுப்பிக்கொண்டு இருப்போம். அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன்.

அறிக்கை எழுதுவது எப்படி, வரைபடத்தில் எந்த ஊருக்கு என்ன நிறம் கொடுப்பது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஒரு மத்தியானத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் வானம் கருத்தால் எனக்குக் கை சில்லிட்டுப் போகிறது. அந்த மத்தியானம்தான் காரணம்.

அப்போது நான் எருமப்பட்டிப் பக்கம் வருவாய் ஆய்வாளர். ஒவ்வொரு கிராமத்துக்கும் நேரில் போய், மக்களோடு உட்கார்ந்து பேசி, அந்த ஊருக்கு எந்த இயற்கைச் சீற்றத்தால் ஆபத்து அதிகம் என்று மதிப்பிட்டுத் தரச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் எங்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுத்தார்கள். அரசு மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் மருத்துவர் வந்திருந்தார். பாம்புக்கடி, நீரில் மூழ்குவது எல்லாம் சொல்லி முடித்து, சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது இடி பற்றிச் சொன்னார். அறையில் பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இடி விழுந்த இடத்துக்கு நீங்க போனா, கத்துறவங்களை விட்டுடுங்க. கத்துறவங்க பிழைச்சுக்குவாங்க. சத்தமில்லாம கிடக்கிறவங்ககிட்ட முதல்ல போங்க. செத்த மாதிரிதான் கிடப்பாங்க. செத்துட்டாங்கன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க" என்றார்.

என்ன இரக்கமில்லாத பேச்சு என்று எனக்குத் தோன்றியது. பிறகு ஒரு ரப்பர் பொம்மையை மேசைமேல் போட்டு, நெஞ்சை அழுத்திக் காட்டச் சொன்னார். எல்லோரும் கூச்சப்பட்டுப் பின்னால் நகர்ந்தோம். நான் முன்வரிசையில் இருந்ததால் என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். சிரித்துக்கொண்டேதான் அழுத்தினேன். வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதவும் செய்தேன். இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

நான் சொல்லும் அந்த நாளில், சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு ஊரில் கூட்டம் வைத்திருந்தோம். ஊராட்சி அலுவலகத்தின் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வெள்ளம் வந்திருக்கிறதா என்று கேட்டேன், சிரித்தார்கள். மண்சரிவு என்று கேட்டேன், தூரத்தில் தெரிந்த கொல்லிமலையைக் காட்டி அங்கே போய்க் கேளுங்கள் என்றார்கள். வறட்சி என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டும் புழுதி பறந்த கதைகளைச் சொன்னார்கள். இடி மின்னல் என்று நான் கேட்டபோது ஒரு பெரியவர் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "மழை பேஞ்சாத்தானுங்களே இடி விழுகும். மொதல்ல மழைக்கு வழி பண்ணுங்க மேடம்."

எல்லோரும் சிரித்தோம். வறட்சி அதிகம், மற்றவை குறைவு என்று எழுதிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினேன். என்னோடு ஜீப் ஓட்டுநர் செல்வராசு மட்டும் இருந்தார்.

ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் மலைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. காற்று சட்டென்று குளிர்ந்தது. பெரிய பெரிய சொட்டாக நாலு விழுந்தது. செல்வராசு சந்தோஷமாகக் கண்ணாடியை ஏற்றாமலே ஓட்டினார். அப்போதுதான் அந்த வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. ஜீப் அதிர்ந்தது. காதுக்குள் கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. எங்கேயோ கிட்டத்தில்தான் விழுந்திருக்கிறது என்று செல்வராசு சொன்னதை அவர் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

அடுத்த திருப்பத்தில் ஒரு பெண் நடுரோட்டில் நின்றிருந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினாள். பேச்சு வரவில்லை. ஜீப்பை நிறுத்தியதும் திரும்பி ஓட ஆரம்பித்தாள். நாங்கள் பின்னால் ஓடினோம்.

கடலைக்காடு. நடுவில் ஒற்றை வேப்பமரம். பிடுங்கிய கடலைச் செடிகளைக் குவித்துப் போட்டு, மரத்தடியில் உட்கார்ந்து பெண்கள் காய் ஆய்ந்துகொண்டு இருந்திருக்கிறார்கள். மரத்தின் ஒரு பக்கம் உச்சியிலிருந்து வேர் வரை பட்டை உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. சரசு என்ற பெண் காலைப் பிடித்துக்கொண்டு உருண்டு உருண்டு கத்திக்கொண்டிருந்தாள். புடவை கருகி, தொடையில் தோல் கிழிந்து தொங்கியது. இன்னொருத்தி காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதைப் பக்கம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் மல்லாந்து கிடந்தார். மரத்துக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் தள்ளி, ஒரு இளம்பெண் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தாள். அவள் மடியில் ஆய்ந்த காய்கள் அப்படியே இருந்தன. இருவரிடமும் அசைவில்லை. அவர்கள் தாயும் மகளும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். தாய் பழனியம்மா. மகள் கோமதி.

பக்கத்துக் காட்டிலிருந்து ஓடிவந்த வயசாளிகள் நாலைந்து பேர் தூரமாக நின்றிருந்தார்கள். நான் குனியப் போனதும் ஒருவர் பதறிப்போய்த் தடுத்தார். "தொடாதீங்க மேடம். இடி எறங்குன ஒடம்புல கரண்டு நிக்குமுங்க."

அப்படி நிற்காது என்று மருத்துவர் சொன்னது நினைவிருந்தது. நினைவிருப்பது ஒன்று, கையை வைப்பது வேறு. பழனியம்மாவின் கழுத்தில் விரலை வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை, எனக்கும் சரி, அவருக்கும் சரி. நாடி இல்லை. மூச்சும் இல்லை. ஓடிப்போய்க் கோமதியைப் பார்த்தேன். அதேதான்.

அதற்குள் அந்த ஆட்கள் சரசுவைத் தூக்கி ஜீப்பில் போடச் சொல்லிச் செல்வராசுவை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவரும் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். உயிரோடு ஒருத்தி துடிக்கிறாள், வண்டி நிற்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் அங்கே வண்டி ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கிடப்பவர்களைத் தொட மற்றவர்களுக்குப் பயம். அவர் போய்விட்டால் என்னிடம் இரண்டு கைதான் மிஞ்சும். கிடப்பவர்களோ இரண்டு பேர்.

"செல்வராசு, வண்டி எடுக்க வேண்டாம். நீங்க இங்க வாங்க" என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. நடக்க முடிந்தவர்களையும் சரசுவையும் ஜீப்புக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தச் சொன்னேன். இடி இன்னும் நிற்கவில்லை, அந்த வெளியில் ஜீப் ஒன்றுதான் பாதுகாப்பு. ரோட்டில் எங்களை நிறுத்திய பெண்ணிடம் என் போனைக் கொடுத்து 108-ஐக் கூப்பிடச் சொன்னேன். அவளுக்கு அதற்குள் பேச்சு வந்திருந்தது.

நான் பழனியம்மாவின் பக்கத்தில் மண்டியிட்டேன். அவர்தான் அருகில் கிடந்தார். அழுத்திக்கொண்டே, செல்வராசு பார்க்கும்படி, இப்படித்தான், இவ்வளவு வேகம், கையை மடக்காதீர்கள் என்று கத்தினேன். அவர் கோமதியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் கையை வைக்கவில்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை, எனக்கே புரிந்தது. இருபத்திரண்டு வயதுப் பெண். சுற்றிலும் அவள் ஊர் ஆண்கள். அவர் அந்நியர். யாரோ ஒருவர் அவரைப் பார்த்து, செத்த பிள்ளையை என்ன பண்ணப் போறே என்று அதட்டியது என் காதில் விழுந்தது.

செல்வராசு தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் மேல் விரித்தார். அதற்குப் பிறகுதான் அழுத்தினார். நன்றாகவே அழுத்தினார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் மூச்சு ஊதச் சொன்னபோது அவரால் முடியவில்லை. நிமிர்ந்து சுற்றி நின்றவர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

ஆகவே நான் ஓடினேன். இங்கே அழுத்துவேன், ஊதுவேன். எழுந்து மரத்தைச் சுற்றிக்கொண்டு அங்கே போய்க் கோமதிக்கு ஊதுவேன். மறுபடி இங்கே வருவேன். மழை கொட்ட ஆரம்பித்து, காடு சேறாகி, கடலைச் செடிகள் காலில் மாட்டின. ஒரு முறை விழுந்தேன். ஜீப்பிலிருந்து சரசுவின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

"எனக்கு உசுரு போகுது. செத்தவங்களப் போட்டு அமுக்கிக்கிட்டு இருக்கீங்களே. நீங்கெல்லாம் ஒரு ஆபீசருங்களா."

அவள் கத்தக் கத்த, இவள் பிழைத்துக்கொள்வாள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது பொய்யாகிவிட்டால் என்ன செய்வேன் என்பதை யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கை நின்றிருக்கும்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவை பழனியம்மாவிடம் திரும்பி வந்தபோது அவர் தொண்டை ஏறி இறங்கியது. முதலில் மழைத்தண்ணீர் என்று நினைத்தேன். மறுபடி ஏறி இறங்கியது. விக்கல் போல ஒரு மூச்சை இழுத்தார். தூர நின்ற ஆட்கள் அத்தனை பேரும் இரண்டடி பின்னால் போனார்கள். ஒருவர் கும்பிட்டார்.

எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வந்தது பயம். செத்தவர் என்று எல்லோரும் ஒதுங்கி நின்ற ஒருவர் என் கைக்குக் கீழே மூச்சு விடுகிறார். அந்த மருத்துவர் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் சாப்பிடப் போயிருந்தால்? இதற்கு முன்னால் எத்தனை காட்டில் எத்தனை பேரை இப்படி நின்று பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்கள்? மூச்சு மறுபடி நின்றுவிடுமோ என்று அவரை விட்டு நகர எனக்குத் தைரியமில்லை. அதனால் அந்தப் பக்கம் ஓடுவது நின்றுவிட்டது. ஆம்புலன்ஸ் வரும்வரை செல்வராசு அழுத்திக்கொண்டே இருந்தார். வந்தவர்கள் அவர் தோளைத் தொட்டு விலக்கித் தாங்கள் தொடர்ந்தார்கள்.

பழனியம்மா பிழைத்தார். சரசு பிழைத்தாள், இன்றும் ஒரு காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறாள். கோமதிக்கு உயிர் இல்லை என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லிவிட்டார்கள்.

மழை விட்டதும் நான் அந்தக் காட்டில் தனியாக நின்றேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. மரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், காங்கிரீட் கூரை போட்ட மோட்டார் ரூம். நல்ல கட்டடம். ஏழெட்டுப் பேர் தாராளமாக உள்ளே நிற்கலாம். வயர் பக்கம் போகாமல் நடுவில் நின்றிருந்தால் போதும். கதவில் பூட்டு தொங்கியது.

தோட்டத்துக்காரர் அப்போதுதான் வந்து சேர்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. கேபிள் திருட்டு ஜாஸ்தி என்பதால் பூட்டி வைப்பதாகச் சொன்னார். மழை வந்தால் ஆட்கள் எங்கே நிற்பார்கள் என்று கேட்டேன். மரத்தடியில்தான், காலம் காலமாக அப்படித்தானே என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நான் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று திரும்பிப் பார்த்தார். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். "அந்தக் கோமதிப் புள்ள ஒரு நாளு சாவி கேட்டுச்சுங்க மேடம். நாந்தான் குடுக்கல" என்றார்.

ஆபத்து என்பது வானத்தில் இருக்கிறது என்று நினைத்துத்தான் நாம் மதிப்பிடப் போகிறோம். பாதி ஆபத்து அந்தப் பூட்டில் இருந்தது. எந்தக் கூட்டத்திலும் அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் சாவி கேட்டவர்கள் காட்டில் வேலையாக இருந்தார்கள், கூட்டத்துக்கு வந்தவர்கள் சாவி வைத்திருந்தவர்கள்.

கோமதியின் காரியம் முடிந்த பிறகு அதே ஊருக்கு மறுபடி போனேன். இந்த முறை கூட்டம் வைக்கவில்லை. மாலையில் வேலை முடிந்து பெண்கள் வீடு திரும்பும் நேரமாகப் பார்த்துப் போய், கேள்வியையும் மாற்றினேன். இந்த ஊருக்கு என்ன பேரிடர் வந்தது என்று கேட்கவில்லை. மழை நாளில் இந்த ஊரில் யார் யார் செத்துப்போனார்கள் என்று கேட்டேன்.

சொன்னார்கள். பட்டியில் ஆட்டோடு நின்ற மாமனார். கிழங்குக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த நாத்தனார். புளியமரத்தடியில் சைக்கிளோடு நின்ற தம்பி. ஒவ்வொரு தெருவிலும் ஒரு பெயர் வந்தது. பக்கத்து ஊருக்குப் போனேன், அங்கேயும் வந்தது. பிரேதப் பரிசோதனைக்கு அறுப்பார்களே என்று பயந்து, யாருக்கும் சொல்லாமல் எடுத்துப்போய் அடக்கம் செய்தவர்கள் பாதிப் பேர். அவர்கள் வீட்டில் அது தலையெழுத்து. ஊருக்கு அது ஒரு சாவு. நமக்கு அது ஒன்றுமே இல்லை. ஒரே நாளில் இத்தனை பேர் போயிருந்தால் மந்திரி வந்திருப்பார். ஒவ்வொருவராகப் போனதால் எங்கள் வரைபடத்தில் அந்த ஊர் பச்சையாக இருந்தது. மதிப்பீட்டை முழுவதும் மாற்றி எழுதினேன். மழைக்காலத்தில் மோட்டார் ரூமைத் திறந்து வைக்கச் சொல்லித் தோட்டம் தோட்டமாகப் பேசினோம். சிலர் கேட்டார்கள். சிலர் இன்னும் கேட்கவில்லை. அந்த வேலை இனி உங்களுடையது.

இதற்கிடையில் சரசுவின் வீட்டார் என்மேல் புகார் கொடுத்தார்கள். அரசு வண்டி இருந்தும் அடிபட்டவளை ஏற்றிப் போகவில்லை என்பது புகார். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் கொடுத்திருப்பேன். விசாரித்த அதிகாரி மருத்துவர்களிடம் கேட்டுவிட்டு, நான் செய்தது சரி என்றுதான் முடித்தார். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது சாதாரணமாக ஒன்று கேட்டார். "ரெண்டு பேரையும் இழுத்துப் பக்கத்துல பக்கத்துல போட்டிருக்கலாமே?"

குற்றம் சொல்லும் குரலில் அவர் கேட்கவில்லை. ஆனால் அந்த நிமிடம் வரை அது எனக்குத் தோன்றவே இல்லை. அங்கே நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. நீங்கள் இன்றைக்கு வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். இழுத்துப் பக்கத்தில் போடுங்கள்.

பழனியம்மாவைப் பார்க்க நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு நாள் செல்வராசுதான் வற்புறுத்திக் கூட்டிப்போனார். அவர் வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். பழனியம்மா என்னை உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்தார். இடி விழுந்த நாள் அவருக்கு முழுவதுமாக அழிந்துபோயிருந்தது. காலையில் எழுந்தது கூட நினைவில்லை. என்ன நடந்தது என்று என்னைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். முடிந்த பிறகு, கோபமே இல்லாமல் கேட்டார்.

"எம்பட காலம் முடிஞ்சு போச்சுங்க மேடம். என்னைய உட்டுப்போட்டு அவளப் பாத்திருக்கலாமில்லீங்களா?"

"நீங்க பக்கத்துல கெடந்தீங்கம்மா. அதனாலதான். வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

"அவ தள்ளியா கெடந்தா?"

"ஆமாங்கம்மா. மரத்துக்கு அந்தப் பக்கம்."

காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார். "எப்பவும் எம்பக்கத்துல ஒட்டிக்கிட்டுத்தான் ஒக்காருவா. அன்னைக்குக் காட்டுக்குள்ள வச்சு நான் அவள என்னமோ சொல்லி வஞ்சுபோட்டனாமுங்க. அவ மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் தனியாப் போயி ஒக்காந்துக்கிட்டாளாம். சரசு சொன்னா. எதுக்கு வஞ்சேன்னு சரசுக்குத் தெரியல. எனக்கும் நாபகம் வரமாட்டீங்குது." நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "எதுக்கா இருக்குமுங்க?"